சொந்தப் பாவனைக்கு

ஜூன் 2, திங்கள்

பிரஷர் கூடிவிட்டதாம். கோபம் வந்தால் கத்தாமல் ஒரு கொப்பியில் எழுதுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். முப்பது வருசம் ரொறன்ரோ வீதிகளில் பஸ் ஓட்டியவனுக்கு ஒரு கொப்பி எந்த மூலைக்கு என்று கேட்க நினைத்தேன். மனைவி மலர் பக்கத்தில் இருந்ததால் கேட்கவில்லை.

முதல் நாளே எழுத விசயம் கிடைத்துவிட்டது. பின்னேரம் புல்லு வெட்டிக்கொண்டு நிற்கும்போது ஆரணி போன் எடுத்தாள். எங்களுக்கு ஒரே மகள். இப்போது பிள்ளைத்தாச்சி, நவம்பரில் பிறக்கும். அவளும் மருமகன் பிரணவனும் இருக்கிற அப்பார்ட்மென்டை ஆகஸ்ட் கடைசிக்குள் விடச் சொல்லி வீட்டுக்காரன் கடிதம் கொடுத்திருக்கிறான். காரணம், வீடு சொந்தப் பாவனைக்குத் தேவையாம். அவனுடைய மகன் வந்து இருக்கப்போகிறானாம்.

"அப்பா, அவன்ர மகனுக்கு வன்கூவரில வேலை. போன கிழமையும் அங்க நிண்டு படம் போட்டவன்" என்றாள். "எங்களை எழுப்பிப்போட்டு வேற ஆக்களுக்குக் கூடின வாடகைக்குக் குடுக்கப்போறாங்கள். எல்லாருக்கும் தெரியும். ஒண்டும் செய்யேலாது."

"பச்சைப் பொய் சொல்லிப் பிள்ளைத்தாச்சியை றோட்டில விடுறவன் மனுசனே!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரி யன்னலைச் சாத்தினாள். மிச்சப் புல்லை வெட்டாமலே உள்ளே வந்துவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

தமிழ் வானொலியில் றொபின்சனின் நிகழ்ச்சி. ஒக்ரோபரில் தேர்தல் என்பதால் இப்போது கிழமைக்கு இரண்டு தரம் வைக்கிறான். இன்றைய கேள்வி: "வீட்டு விலை ஏறியதற்கு யார் பொறுப்பு?"

ஒருவர் மத்திய அரசு என்றார். அடுத்தவர், இல்லை, மாகாண அரசு என்றார். இன்னொருவர் நகரசபை அனுமதிப் பத்திரம் தர வருசக்கணக்காகிறது என்றார். நகரசபையில் வேலை செய்கிற ஒரு பெண் எடுத்து, காசு தரவேண்டியது மத்திய அரசு என்றார். வட்டம் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டார்கள். பிறகு ஒருவர் மாணவ விசாவில் வந்த பிள்ளைகளைத் திட்டினார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

பொறுக்க முடியாமல் நானும் எடுத்தேன். ஆரணியின் கதையைச் சொன்னேன். "சொந்தப் பாவனைக்கு எண்டு பொய் சொல்லுறவனைக் கேட்க இந்த நாட்டில ஒரு நாதியில்லை. இந்த அரசாங்கம் ஆக்களை இறக்கிச்சுதே தவிர வீட்டைக் கட்டேல்லை. எங்கட பிள்ளையள் என்ன, மரத்திலயா குடியிருக்கிறது?" என்று கேட்டேன். றொபின்சன், "பரா அண்ணையின்ர குரல் ஒரு தகப்பனின்ர குரல்" என்று சொல்லி விளம்பரம் போட்டான்.

பின்னேரம் நாலைந்து பேர் எடுத்துப் பாராட்டினார்கள்.

ஜூன் 4, புதன்

குப்பை வெளியில் வைத்தேன். வீட்டு முகவர் குகன் இரண்டு தரம் போன் எடுத்தான். நான் எடுக்கவில்லை.

ஜூன் 14, சனி

எதிர்க்கட்சி வேட்பாளர் டெரன்ஸ் ஆரோக்கியத்தின் ஆட்கள் வானொலியில் என் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். விருந்து மண்டபத்தில் கூட்டம், வந்து இரண்டு வார்த்தை பேசுங்கோ என்றார்கள். சனம் இருக்கக் கதிரை அடுக்க ஆள் தேவை என்றதால் கேதீஸையும் கூட்டிப்போனேன்.

கேதீஸ் எங்கள் வீட்டுக்குக் கீழே, பேஸ்மென்டில் வாடகைக்கு இருக்கிறவன். வவுனியாப் பக்கம். மனுசி சுகிர்தா, கைக்குழந்தையாக இருந்து இப்போது தத்தித் தத்தி நடக்கிற ஒரு பெண்பிள்ளை. நாலாவது வருசம் இருக்கிறார்கள். ஒரு நாள் வாடகை பிந்தியதில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நான் மேடையில் ஆரணியைப் பற்றிப் பேசினேன். மண்டபம் எழும்பிக் கைதட்டியது. டெரன்ஸ் என் தோளில் கைபோட்டு, "இந்தத் தகப்பன்ர கண்ணீருக்கு இந்த அரசாங்கம் பதில் சொல்லோணும். வரைமுறையில்லாமல் ஆக்களைக் கொண்டுவந்து கொட்டினது ஆர்? இருக்கிற பிள்ளையளுக்கு இடமில்லாமல் செய்தது ஆர்?" என்று கேட்டார். நானும் தட்டினேன்.

திரும்பி வரும்போது கேதீஸ் மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டிருந்தான். சிக்னலில் நிற்கும்போது கேட்டான்.

"அங்கிள், கொண்டுவந்து கொட்டினது எண்டு அவர் எங்களைத்தானே சொன்னவர்?"

"இல்லையடாப்பா. உங்களை இல்லை, மற்ற ஆக்களை."

"ஓம்" என்றான். பிறகு, மிஞ்சின ரோல்ஸில் இரண்டு சுகிர்தாவுக்குக் கட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னான்.

நான் வந்தது எண்பத்தேழில். ஒரு இரட்டை அறை வீட்டில் பன்னிரண்டு பேர் இருந்தோம். முறைவைத்துப் படுத்தோம். ஆனால் அந்தக் காலம் வேறு, அப்போது இடம் இருந்தது.

ஜூன் 19, வியாழன்

குகன் நேரே வந்துவிட்டான். மலர் கோயிலுக்குப் போயிருந்தது நல்லதாகிவிட்டது.

தமிழ்ப் பத்திரிகையில் பாதிப் பக்கம் சிரித்துக்கொண்டு நிற்பானே, அவன்தான். கொண்டோ விசயத்தை இந்தக் கொப்பியில் எழுதுவதில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் நெஞ்சு அடிக்கிற அடியில் எங்கேயாவது எழுதத்தான் வேண்டும்.

நாலு வருசத்துக்கு முன் அவன் சொல்லித்தான் ஒரு கொண்டோவுக்கு, மாடிக் கட்டடத்தில் ஒரு வீட்டுக்கு, முன்பணம் கட்டி எழுதினேன். அப்போது கட்டடமே இல்லை, அத்திவாரக் கிடங்குகூட வெட்டவில்லை, படம் மட்டும்தான். கட்டி முடிய முதல் வேறு ஆளுக்குக் கைமாற்றினால் போட்டது இரட்டிப்பாகும் என்றான். அந்த வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் எங்கள் சனம்தான் நின்றது. ஊரே வாங்கினது, நானும் வாங்கினேன். அதற்காக நான் வியாபாரி ஆகிவிட மாட்டேன்.

இப்போது கட்டி முடித்துவிட்டார்கள். விலை விழுந்துவிட்டது, கைமாற்ற ஆளில்லை. செப்ரெம்பருக்குள் நான்தான் மிச்சக் காசு முழுவதையும் கட்டி, கதவுத் திறப்பை வாங்கிப் பொறுப்பெடுக்க வேண்டும். மாட்டேன் என்றால் போட்டதும் போய் வழக்கும் வரும். முதல் போட்டது இந்த வீட்டை ஈடுவைத்து எடுத்த காசு. இதெல்லாம் வட்டியை ஏற்றின அரசாங்கத்தின் வேலை. மலருக்கு ஈடு விசயம் தெரியாது.

"அண்ணை, பாங்க் உங்களுக்குக் கூடக் கடன் தரோணுமெண்டால் வருமானம் காட்டோணும்" என்றான் குகன். "கீழ இருக்கிற ஆக்கள் பழைய வாடகையில கிடக்கினம். இப்ப பேஸ்மென்ட் என்ன விலை போகுது தெரியுமே?"

"சட்டப்படி வருசத்துக்கு ஒரு துளிதானே கூட்டலாம்."

"அது இருக்கிற ஆக்களுக்கு. ஆக்கள் மாறினால் நீங்கள் கேக்கிறதுதான் விலை." குரலைத் தாழ்த்தினான். "சொந்தப் பாவனைக்கு எண்டு ஒரு கடிதம் குடுங்கோ. மகள் வாறா எண்டு எழுதுங்கோ. அவவின்ர கதை உலகத்துக்கே தெரியுமே அண்ணை. ஒருத்தனும் பொய்யெண்டு சொல்ல மாட்டான்."

நான் அவனை ஏசித்தான் அனுப்பினேன். ஏசினேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

கடிதத்தைக் கொடுத்தேன்.

கையில் கொடுத்துவிட்டு ஓடிவர நினைத்தேன், சுகிர்தா இருங்கோ அங்கிள் என்று தேத்தண்ணி போட்டுவிட்டாள். கேதீஸ் இரண்டு தரம் வாசித்தான். "அக்காவுக்கோ" என்றான்.

"ஓம். உங்களுக்குத் தெரியும்தானே அவவின்ர நிலைமை."

சுகிர்தாதான் பேசினாள். "வயித்துப் பிள்ளையோட அக்கா எங்க போவா? நீங்கள் யோசிக்காதேங்கோ அங்கிள். நாங்கள் எங்கயாவது பாப்பம். நீங்கள் பெத்த பிள்ளைக்குத்தானே கேக்கிறியள்."

தேத்தண்ணிக்குச் சீனி கூடிப்போய்விட்டது. முழுவதையும் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 23, திங்கள்

ஒன்றும் இல்லை. பின்பக்க வேலிக்குப் பெயின்ற் அடித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

நான் நினைக்காதது நடந்துவிட்டது.

மத்தியானம் ஆரணியும் பிரணவனும் வந்தார்கள். வழக்கமாகச் சப்பாத்தைக் கழற்றும்போதே பசிக்குதம்மா என்று கேட்கிறவள், இன்று நேரே வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு விளங்கவில்லை.

"ஏன் அப்பா எனக்குச் சொல்லேல்லை? சுகிர்தா சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோயில்ல கண்டு, 'அக்கா, உங்கட அப்பா உங்களுக்குக் கீழ் வீட்டைத் தாறாராம், நல்லா இருங்கோ' எண்டு சொல்லுறா. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. சேர்ப்பிரைஸ் குடுக்க இருந்தனீங்களோ?"

மலர் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் இது புதினம். பிறகு அவளும் அழத் தொடங்கிவிட்டாள். சந்தோசத்தில்தான்.

போன வருசம் வீடு வாங்க முன்பணத்துக்கு உதவி கேட்டு இதே குசினியில் ஆரணி நின்றாள். கையில் இல்லை என்று சொன்னேன். உண்மையாகவே கையில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு என்னோடு கொஞ்சம் தள்ளித்தான் இருந்தாள். இன்று அந்தப் பழைய பிள்ளை திரும்பி வந்துவிட்டாள். தலையை என் நெஞ்சில் வைத்துக்கொண்டு, "தாங்க்ஸ் அப்பா, தாங்க்ஸ் அப்பா" என்றாள்.

அந்த நேரத்தில் என்ன சொல்லலாம்? "சும்மா இரு, உனக்குச் செய்யாமல் ஆருக்குச் செய்யிறது" என்றேன்.

சுகிர்தாவுக்கு வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. எல்லாம் அவளால் வந்தது.

ஜூலை 19, சனி

டெரன்ஸ் வீடியோ எடுக்க வந்தார். முன்வாசலில் நானும் ஆரணியும் நிற்க, அவர் நடுவில். "அரசாங்கம் கைவிட்ட பிள்ளையை ஒரு அப்பா தன்ர வீட்டில தாங்குறார். ஆனால் அப்பா இல்லாத பிள்ளையளுக்கு ஆர் இருக்கினம்?" என்றார். நல்லாகத்தான் பேசுகிறார். மூன்று தரம் எடுத்தார்கள், இரண்டாவதில் அவசர ஊர்தி சத்தம் கேட்டுவிட்டது.

படம் எடுத்து முடிய, அவருக்குச் சொந்தமாக எத்தனை வீடு என்று பிரணவன் கேட்டான். டெரன்ஸ் சிரித்துக்கொண்டு வேறு கதை கதைத்தார். மருமகனுக்கு இடம் பொருள் தெரியாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

கேதீஸுக்கு வீடு கிடைக்கவில்லை. போகிற இடமெல்லாம் மூன்று வருசச் சம்பளத் துண்டு, கடன் மதிப்பு, முந்தின வீட்டுக்காரனின் கடிதம் என்று கேட்கிறார்களாம். நல்ல கடிதம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். ஒழுங்கான குடும்பம், வாடகை பிந்தாத ஆட்கள், இவர்களை இழப்பது எனக்குக் கவலை என்று எழுதினேன். பொய் ஒரு வரி இல்லை.

குகன் எடுத்தான். மகள் விசயத்தைச் சொன்னேன். நல்ல விசயம்தான் என்றான். பிறகு, "அண்ணை, அப்ப திறப்பு என்னண்டு எடுக்கிறது?" என்றான். யோசித்துச் சொல்லுறன் என்றேன். "யோசியுங்கோ. நான் விளம்பரத்தைப் போட்டு வைக்கிறன். தேவையில்லாட்டி எடுப்பம்" என்றான்.

வேண்டாம் என்று சொல்லத்தான் இருந்தேன். அவன் அதற்குள் போனை வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கேதீஸ் குடும்பம் போய்விட்டது. ஒசாவா தாண்டி ஒரு வீட்டில் ஒரு அறை. குசினியும் குளிக்கும் அறையும் இன்னொரு குடும்பத்தோடு பங்கு. அவனுக்கு வேலைக்கு வர இரண்டு பஸ்ஸும் ஒரு ரயிலும் பிடிக்க வேண்டும். மெத்தையை வான் வண்டியில் ஏற்ற நானும் ஒரு பக்கம் பிடித்தேன். பிள்ளை என்னைப் பார்த்துக் கை காட்டியது.

சுகிர்தா வீட்டைத் துடைத்து வைத்த துப்புரவில் ஒரு குறை சொல்ல முடியாது. அடுப்பு பளபளவென்று கிடந்தது. அதன்மேல் ஒரு புதுப் பானை, எவர்சில்வர், விலைத்துண்டுகூடக் கிழிக்கவில்லை.

"அக்கா பால் காய்ச்ச. வெறும் அடுப்பாய் விட்டிட்டுப் போகக்கூடாது அங்கிள்" என்றாள்.

இடுப்பு பிடித்துவிட்டது. மெத்தை தூக்கினதால்தான்.

ஆகஸ்ட் 27, புதன்

நிறைய யோசித்தேன். பேஸ்மென்ட் ஈரலிப்பான இடம். பிள்ளைத்தாச்சிக்கு நல்லதல்ல, பிறக்கிற பிள்ளைக்கும் சளி பிடிக்கும். ஆரணி மேலே தன்னுடைய பழைய அறையில் இருப்பதுதான் முறை. பிரணவனும் இருக்கலாம், கட்டில் கொஞ்சம் சின்னன். ஆரணி மேலேதான் இருப்பாள் என்று குகனுக்கும் சொல்லிவிட்டேன். பால் காய்ச்சி ஒரு கிழமை போகட்டும், ஆறுதலாகச் சொன்னால் விளங்கிக்கொள்வாள். பிறகு கீழே யாராவது வந்தால் ஆருக்கு என்ன நட்டம்?

சுகிர்தாவும் அங்கேதான் பிள்ளை பெற்றாள் என்று மலர் சொல்லக்கூடும். அவர்கள் வேறு, வன்னி ஆட்கள், உடம்பு உரமானது.

ஆகஸ்ட் 30, சனி

இதை எழுதத்தான் வேண்டும்.

காலை பத்தரைக்கு நல்ல நேரம். மலர் கீழே நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கேற்றி, பிள்ளையார் படத்துக்குப் பூ வைத்திருந்தாள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அவள் பாடிக்கொண்டு வேலை செய்ததைக் கேட்டேன். பிரணவன் வேட்டியை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினான். ஆரணி பச்சைச் சேலை. வயிறு நல்லாகத் தெரிகிறது. சுகிர்தா வைத்துவிட்டுப்போன பானையைக் கழுவிப் பொட்டு வைத்து, பாலை ஊற்றி அடுப்பில் ஏற்றினாள்.

"கிழக்கால பொங்கினா நல்லது" என்றாள் மலர். "எந்தப் பக்கம் கிழக்கு?" என்று ஆரணி சிரித்துக்கொண்டு போனில் திசைகாட்டி பார்த்தாள். எல்லாரும் பானையைச் சுற்றி நின்றோம். பால் விளிம்பில் நுரை கட்டத் தொடங்கியது.

பக்கக் கதவு திறந்தது. குகன். அவனுக்குப் பின்னால் ஒரு பெடியனும் பெட்டையும்.

"ஆ, அண்ணை, பால் காய்ச்சுறியளோ? நல்லது, நல்லது. புது ஆக்கள் வரமுதல் செய்யிறது நல்லது" என்றான். பிறகு அந்த இரண்டு பேரிடமும் ஆங்கிலத்தில் இது குசினி, தனி வாசல், முதலாம் திகதியிலிருந்து வரலாம் என்று சொல்லி, வாடகையையும் சொன்னான். கேதீஸ் கொடுத்ததன் இரட்டிப்புக்குக் கிட்ட.

அந்தப் பெட்டைதான் நிலைமை விளங்கி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின்னுக்குப் போனாள்.

"அப்பா?" என்றாள் ஆரணி.

நான் ஈரலிப்பைப் பற்றிச் சொன்னேன். மேலே அறை இருக்கிறது என்றேன். குகன் இடையில் வாயைத் திறந்தான். "அண்ணை, இதை விட்டால் கொண்டோத் திறப்பு எடுக்கேலாது. பிறகு ஈடு வைச்ச இந்த வீட்டுக்கும் கேள்வி வந்திடும்."

"என்ன கொண்டோ? எந்த வீட்டுக்கு ஈடு?" என்று மலர் கேட்டாள். அவள் கேட்ட விதத்தை எழுதப்போவதில்லை.

ஆரணி என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன், அழுது கழுவி முடிந்திருக்கும். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"கேதீஸ் அண்ணாவை எழுப்புறதுக்கு என்ர பேரைப் பாவிச்சனீங்களோ?"

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேள்..."

"எங்கட வீட்டுக்காரனும் தன்ர மகன் வாறான் எண்டுதான் எழுதினவன். அவனை நீங்கள் ரேடியோவில என்னண்டு சொன்னீங்கள்?"

என்ன சொன்னேன் என்று அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும்.

"நான் உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதனான் அப்பா. அண்டைக்காவது சொல்லியிருக்கலாம்."

பால் விளிம்புக்கு ஏறிவிட்டது. ஆரணி கையை நீட்டி அடுப்பை நிற்பாட்டினாள். மலர் பதறி, "நிப்பாட்டாதை பிள்ளை, பொங்க முதல் நிப்பாட்டக்கூடாது" என்று கத்தினாள்.

"இது எங்கட வீடில்லை அம்மா" என்றாள் ஆரணி. பானை முழுவதையும் தொட்டியில் ஊற்றினாள். பானையைக் கழுவித் துடைத்துத் தன்னோடு எடுத்துக்கொண்டு, பக்கக் கதவால் போய்விட்டாள். பிரணவன் வேட்டியோடு அவளுக்குப் பின்னால் ஓடினான்.

குகன் இன்னும் நின்றான். "அண்ணை, அந்தச் சோடி நல்ல ஆக்கள் போல கிடக்கு" என்றான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மலர் கதைக்கவில்லை. சோறு மேசையில் இருந்தது.

செப்ரெம்பர் 13, சனி

ஆரணியும் பிரணவனும் இரண்டு கிழமையாகச் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில்தான் இருந்தார்கள். பிரணவனுக்கு எட்மன்ரனில் வேலை மாற்றம் கிடைத்துவிட்டது. அங்கே வாடகை பாதிதானாம், பிந்தி ஒரு வீடும் வாங்கலாமாம். மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றர். குளிர் வேறு.

மலரும் கூடப் போயிருக்கிறாள். பிள்ளை பிறக்கிற நேரம் தாய் பக்கத்தில் இருக்கத்தானே வேண்டும். தைப்பொங்கலுக்கு வந்துவிடுவாள். வருவதாக அவள் சொல்லவில்லை, ஆனால் வந்துவிடுவாள். கூறைச்சேலையையும் நகைப் பெட்டியையும் எடுத்துப் போயிருக்கிறாள். தேவைப்படும் என்று நினைத்திருப்பாள்.

விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். ஆரணி பின்சீற்றில் இருந்தாள். இறங்கும்போது, "கேதீஸ் அண்ணா வழக்குப் போடுறார். என்னைச் சாட்சிக்குக் கேட்டவர். ஓம் எண்டு சொல்லியிருக்கிறன். உங்களுக்குச் சொல்லாமல் செய்ய எனக்கு விருப்பமில்லை" என்றாள்.

"தகப்பனுக்கு எதிராவோ?"

"உண்மையைச் சொல்லுவன் அப்பா. அது உங்களுக்கு எதிராத்தான் இருக்கும்."

பெட்டிகளை இறக்கிக் கொடுத்தேன். மலரின் பெட்டிதான் கூடப் பாரம். வயிற்றைத் தொட்டுப் பார்க்கட்டோ என்று ஆரணியிடம் கேட்க நினைத்தேன். பின்னால் நின்ற டாக்ஸிக்காரன் ஹோர்ன் அடித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். டொக்டர் எழுதச் சொன்னது கோபத்தைத்தான். இதையும் எழுதுகிறேன்.

செப்ரெம்பர் 29, திங்கள்

அந்தச் சோடி கீழே வந்துவிட்டது. நல்ல ஆட்கள்தான். சத்தமே இல்லை, நான் மேலே இருக்கிறேனா இல்லையா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. கொண்டோத் திறப்பு எடுத்தாயிற்று. முப்பத்தோராம் மாடி. யன்னலால் பார்த்தால் இன்னும் இரண்டு கட்டடம் எழும்புவது தெரிகிறது. குகன் கைகுலுக்கிப் படம் எடுத்தான். வாடகைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை, வெறுமனே பூட்டிக் கிடக்கிறது.

டெரன்ஸின் பதாகையை முற்றத்தில் நட்டேன். மண் இறுகிப்போய்க் கிடந்தது, சுத்தியலால் அடிக்க வேண்டியிருந்தது.

ஒக்ரோபர் 9, வியாழன்

சமைக்கப் பழகுகிறேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. மலருக்கு எடுத்து எவ்வளவு தண்ணி விடுவதென்று கேட்டேன். சொன்னாள். வேறு ஒன்றும் கதைக்கவில்லை. பின்னால் ஆரணி சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் எடுத்தது அவளுக்குத் தெரியாதுபோல.

ஒக்ரோபர் 20, திங்கள்

தேர்தல். காலையிலேயே நடந்துபோய்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டுவிட்டு வந்தேன். மட்டைத் தட்டிக்குப் பின்னால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளையை எனக்கில்லாமல் செய்தவர்கள் நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் புள்ளடி போட்டேன். அவ்வளவு அழுத்திப் போட்டதில் பென்சில் முனை உடைந்துவிட்டது.

இரவு முடிவுகள் வரத் தொடங்க, றொபின்சன் எடுத்தான். நேரலையில் இருக்கிறோம் அண்ணை என்றான். டெரன்ஸ் முன்னுக்கு நிற்கிறாராம், வெல்லுவாராம். பின்னால் ஆட்கள் கூச்சல் போடுகிற சத்தம் கேட்டது.

"பரா அண்ணை, இந்தத் தேர்தலின்ர முகமே நீங்கள்தான். எங்கட நேயர்கள் எல்லாரும் கேக்கினம், மகளுக்கு வீடு கிடைச்சுதோ?"

"கிடைச்சுது."

"சந்தோசம்! எங்க அண்ணை, உங்களோடயோ?"

"எட்மன்ரனில."

"ஐயோ, எட்மன்ரனிலயோ? அப்ப அம்மா?"

"அவவும் அங்கதான்."

"அப்ப நீங்கள் தனியவோ அண்ணை?"

கீழே அந்தச் சோடி மெதுவாகக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஓம். தனியத்தான்."

றொபின்சனுக்கு உண்மையாகவே கவலை வந்துவிட்டது. "பாத்தியளா நேயர்களே! இந்த அரசாங்கம் ஒரு குடும்பத்தை என்ன செய்து வைச்சிருக்குதெண்டு பாத்தியளா! அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ. உங்களையும் உங்கட பிள்ளையையும் பிரிச்சது இவங்கள்தானே?"

வானொலி நேரலை. இணையத்தில் எட்மன்ரனிலும் கேட்கும். ஆரணி தாயோடு இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். இப்போதாவது சொல் என்று காத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

"ஓம்" என்றேன். "அவங்கள்தான்."